வண்டியோடு வண்டி பேசுகிறது!

கம்பி இல்லை, கோபுரம் இல்லை, ஆனாலும் சாலையில் செய்தி ஓடுகிறது

திருவதிகை மிகப் பழைய ஊர். பண்ருட்டியை ஒட்டி, கெடில நதியின் வடகரையில் இருக்கிறது.

சிவபெருமான் தேர் ஏறி முப்புரம் எரித்த தலம் என்று இதைச் சொல்வார்கள். பூமியே தேர். சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். நான்கு வேதங்களும் குதிரைகள். பிரம்மா தேரோட்டி. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதே ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. அது ஒரு செய்தி வந்து சேர்ந்த கதை.

திருநாவுக்கரசர் இளமையில் சமண சமயத்தில் சேர்ந்திருந்தார். இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில், சமண மடத்தில் வாழ்ந்தார். அங்கே அவருக்குச் சூலை நோய் வந்தது. குடலைப் பிடுங்கும் வலி. மந்திரமும் மருந்தும் பலிக்கவில்லை.

அவருடைய அக்காள் திலகவதியார் திருவதிகையில் இருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? தம்முடைய சமையல்காரரை அனுப்பினார். அந்த மனிதர் நடந்து வந்து விஷயத்தைச் சொன்னார். சமண மடத்துக்கு வரமாட்டேன் என்று அக்காள் சொல்லி அனுப்பினார். அந்தப் பதிலையும் அதே மனிதர்தான் சுமந்துகொண்டு திரும்பினார். அதைக் கேட்ட பிறகே தம்பி திருவதிகைக்குப் புறப்பட்டார். பெரியபுராணம் சொல்லும் செய்தி இது.

போக 25 கிலோ மீட்டர். வர 25 கிலோ மீட்டர். ஆள் எவ்வளவு வேகமாக நடந்தாரோ, அவ்வளவு வேகத்தில் செய்தியும் நடந்தது. ஆனால் கைமாறாமல், மறந்துபோகாமல், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

இன்று அதே கடலூர்-பண்ருட்டி சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. பலாப்பழ லாரி, முந்திரி லாரி, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர், பஸ், கார், மோட்டார் சைக்கிள். இந்த வண்டிகளே செய்தியைச் சுமந்தால் என்ன? ஒரு வண்டி இன்னொரு வண்டியிடம் கொடுக்க, அது அடுத்த வண்டியிடம் கொடுக்க, செய்தி சாலையோடு ஓடினால் என்ன?

இது கற்பனை அல்ல. உலகம் முழுவதும் நிபுணர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபடும் விஷயம்.

விளக்குப் பேச்சு

லாரி டிரைவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்!

எதிரே வரும் லாரிக்காரர் பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். என்ன அர்த்தம்? "முன்னால் ஏதோ இருக்கிறது, பார்த்துப் போ" என்று அர்த்தம். மரம் விழுந்திருக்கலாம். விபத்து நடந்திருக்கலாம். போலீஸ் சோதனையாகவும் இருக்கலாம்!

அந்த லாரிக்காரர் யார் என்று நமக்குத் தெரியாது. நம் பெயரும் அவருக்குத் தெரியாது. எதிரும் புதிருமாக ஒரு கணம் சந்திக்கிறோம். அந்த ஒரு கணத்தில் செய்தி கைமாறிவிடுகிறது.

இதையே விளக்குக்குப் பதிலாக ரேடியோ அலையால் செய்கிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிறு ரேடியோ பெட்டி. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த வேகத்தில், இந்தத் திசையில் போகிறேன்" என்று அது ஒரு வினாடிக்குப் 10 தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க வானத்தில் உள்ள செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. சுமார் 300 மீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற பெட்டிகளுக்கு அது கேட்கும்.

இரவு 10 மணி. ஒரு வளைவில் கரும்பு டிராக்டர் அச்சு முறிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கு இல்லை. பின்னால் ஒரு பஸ் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் பஸ் ஒரு வினாடிக்கு 17 மீட்டர் ஓடும். டிரைவர் பார்த்து, திடுக்கிட்டு, பிரேக்கில் காலை வைப்பதற்குள் ஒரு வினாடி போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் பஸ் உடனே நிற்காது.

டிராக்டரில் அந்தப் பெட்டி இருந்தால், "இங்கே நிற்கிறேன்" என்ற சொல் வளைவுக்கு அப்பாலேயே பஸ்சுக்கு எட்டிவிடும். பஸ் அதைத் தனக்குப் பின்னால் வரும் காருக்குச் சொல்லும். கார் லாரிக்குச் சொல்லும். பத்துக் கை மாறினால் 3 கிலோ மீட்டர். கண் மூடித் திறப்பதற்குள் இது நடந்துவிடும்.

செல்போன் போதாதா?

"என் கையில்தான் செல்போன் இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

செல்போன் பேச்சு கோபுரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச ஊர்க்கோடி வரை போய் வருவது போல! கோபுரம் இருக்கும் இடத்தில், அது வேலை செய்யும் நேரத்தில், சரிதான்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அதிகாலை நினைவிருக்கிறதா? "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. போன்களும் ஊமையாகிவிட்டன. வெளியூரில் இருந்த மகனுக்கு, தாய் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. சாலை திறந்து, முதல் வண்டி வந்த பிறகுதான் பல ஊர்களின் கதி தெரிந்தது.

அப்படிப்பட்ட நாளில் வண்டிகளுக்குள் பேச்சு இருந்தால் கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். வண்டியே கோபுரம்.

14 வினாடி நட்பு

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? செய்வதுதான் கடினம்.

தபால்காரருக்கு வேலை எளிது. வீடுகள் நகர்வதில்லை. நேற்று இருந்த தெருவில்தான் இன்றும் இருக்கும். சாலையிலோ எல்லா வீடுகளும் ஓடுகின்றன. தபால்காரரும் ஓடுகிறார்!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரும் புதிருமாக இரண்டு கார்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகம். ரேடியோ 300 மீட்டர் எட்டும். நெருங்கும்போது 300 மீட்டர், விலகும்போது 300 மீட்டர். இந்த 600 மீட்டரும் எவ்வளவு நேரத்தில் தீரும்? 14 வினாடி கூட ஆகாது. அவ்வளவுதான் அவர்களுடைய நட்பு!

இரண்டு வண்டியும் ஒரே திசையில் போனால்? ஒன்று 60, இன்னொன்று 50 என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவை மூன்றரை நிமிஷம் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருக்கும். நீண்ட செய்தியாக இருந்தால் கூடப் போகும் வண்டியிடம் கொடுப்பதே நல்லது. ஊருக்குப் புறப்பட்டவரிடம் கடிதம் கொடுப்போமே தவிர, ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுப்போமா?

பட்டியல் எழுதியவர்கள்

1994-ம் ஆண்டு, சார்லஸ் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கரும், பிரவீண் பாகவத் என்ற இந்தியரும் ஒரு முறையைச் சொன்னார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். "இன்னாருக்குச் செய்தி போக வேண்டுமானால் இன்னாரிடம் கொடு" என்பது அந்தப் பட்டியல். பழைய பட்டியல் எது, புதியது எது என்று தெரிய வரிசை எண் போட்டார்கள். நல்ல யோசனை. மெதுவாக நகரும் பெட்டிகளுக்கு அது பொருந்தும். வேகமாக ஓடும் வண்டிகளிலோ பட்டியலை எழுதி முடிப்பதற்குள் அது பழசாகிவிடுகிறது.

அதே பெர்க்கின்ஸ், எலிசபெத் ராயர் என்ற பெண்மணியோடு சேர்ந்து, 1999-ல் வேறொரு வழி சொன்னார். பட்டியலே வேண்டாம். தேவைப்படும்போது "இன்னார் எங்கே?" என்று கூப்பிட்டுக் கேள். ஒருவர் அடுத்தவரைக் கேட்க, கேள்வி பரவும். பதில் வந்த வழியே செய்தியை அனுப்பு. இது இன்னும் நல்லது. ஆனால் பதில் வரும்போது, நடுவில் இருந்த லாரி பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பிவிட்டிருக்கும்!

2000-ம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிராட் கார்ப், எச்.டி. குங் என்ற இருவர் வேறு மாதிரி யோசித்தார்கள். யார் எங்கே என்ற பட்டியல் எதற்கு? சேர வேண்டிய இடம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதாதா? என் காதுக்கு எட்டும் வண்டிகளில், அந்த இடத்துக்கு எது மிக அருகே இருக்கிறதோ அதனிடம் கொடுத்துவிடுகிறேன். அது தனக்கு எட்டியதில் அருகே உள்ளதிடம் கொடுக்கட்டும்.

முன்பின் தெரியாத ஊரில் நாம் வழி கேட்டுப் போவது இப்படித்தான். "கோவில் கோபுரம் அதோ தெரிகிறது, அந்தப் பக்கம் போங்கள்" என்கிறார்கள். நாமும் போகிறோம். தெருப் பெயர் தேவையில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றின் வடகரையில் ஒரு லாரி நிற்கிறது. செய்தி தென்கரைக்குப் போக வேண்டும். நேர் எதிரேதான் இடம். ஆனால் நடுவே அகலமான மணல். அதில் வண்டி எதுவும் இல்லை. ரேடியோவும் எட்டாது. இந்த லாரியை விட அருகே வேறு வண்டி கிடையாது. செய்தி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். பாலம் 2 கிலோ மீட்டர் பின்னால் இருக்கிறது. பாலத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் விலகிப் போக வேண்டும்!

இதற்கும் அவர்கள் ஒரு தந்திரம் சொன்னார்கள். இருட்டு மண்டபத்தில் வழி தவறியவன் என்ன செய்வான்? வலக்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பான். எங்காவது வாசல் வரும். அது போலச் செய்தியும் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய், முன்பு முட்டிய இடத்தை விட அருகே வந்ததும், மறுபடியும் நேர்வழியில் போகும்.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. அங்கே பேராசிரியராக இருந்த சிவராம மூர்த்தியும், பி.எஸ். மனோஜும் 2004-ல் இந்தத் துறைக்கு ஒரு பெரிய பாடப் புத்தகமே எழுதினார்கள்.

எல்லோரும் கத்தினால்?

ஒரு வண்டி "ஆபத்து" என்கிறது. கேட்ட 50 வண்டிகளும் அதைத் திருப்பிச் சொல்கின்றன. அதைக் கேட்ட 200 வண்டிகளும் சொல்கின்றன. சந்தைக் கூச்சல் ஆகிவிடும். யார் சொல்வதும் யாருக்கும் புரியாது. ஆபத்து நேரத்தில்தான் கூச்சல் மிகவும் அதிகம்.

இதை நிபுணர்கள் "புயல்" என்றே அழைக்கிறார்கள். இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். கேட்டவுடன் யாரும் பேசக் கூடாது. மிகத் தொலைவில் இருந்து கேட்டவர் முதலில் பேச வேண்டும். அவர் பேசியது காதில் விழுந்தால், நடுவில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம்முடைய கூட்டங்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை.

பொய் சொல்லும் வண்டியும் இருக்கும். "முன்னால் சாலை அடைப்பு" என்று புளுகிவிட்டு, மற்றவர்கள் விலகியதும் தான் மட்டும் விரைந்து போகலாம் அல்லவா? அதனால் ஒவ்வொரு செய்திக்கும் யாரும் போலி செய்ய முடியாத ஒரு ரகசிய முத்திரை வைக்கிறார்கள். முத்திரை இல்லாத பேச்சை மற்ற பெட்டிகள் கேட்பதில்லை.

பஸ்சில் ஏறிய பட்டா

அடுத்த வண்டியே இல்லாத சாலையில் என்ன செய்வது? நள்ளிரவில், குக்கிராமத்தில்?

அங்கேதான் திருநாவுக்கரசரின் சமையல்காரர் உதவிக்கு வருகிறார். கொடுக்க ஆள் இல்லையா? நீயே சுமந்து போ! யாராவது கிடைத்தால் கொடு.

இது கர்நாடகத்தில் உண்மையாகவே நடந்தது. 2003-ம் ஆண்டு வாக்கில், பெங்களூரை அடுத்த தொட்டபல்லாபூர் வட்டாரத்தில், ஒரு சர்க்கார் பஸ்சில் ரேடியோ பெட்டி வைத்தார்கள். "டாக்நெட்" என்று பெயர். டாக் என்றால் இந்தியில் தபால். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் உருவான யோசனை அது.

அந்தக் கிராமங்களில் இன்டர்நெட் இல்லை. விவசாயிக்கு நிலப் பத்திரத்தின் நகல் வேண்டும். தாலுகா ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. இப்போது கிராமத்துக் கம்ப்யூட்டரில் மனுவை எழுதி வைத்தால் போதும். பஸ் ஊருக்குள் வரும். பஸ்சில் உள்ள பெட்டி மனுவை ரேடியோவால் வாங்கிக்கொள்ளும். தாலுகா தலைநகருக்குப் பஸ் போனதும் மனு அங்கே இறங்கிவிடும். பதில் அடுத்த நடையில் வரும். ஒரு தடவை பஸ் ஊரைக் கடக்கும்போது, சுமார் இரண்டரை நிமிஷத்தில், பல புத்தகங்கள் கொள்ளும் அளவு எழுத்து கைமாறியது!

டிரைவருக்கோ கண்டக்டருக்கோ இதில் வேலையே இல்லை. வழக்கம் போல அவர்கள் டிக்கெட் கிழித்தார்கள், பஸ் ஓட்டினார்கள்.

அதே காலத்தில் கம்போடியா நாட்டில், ரத்தனகிரி என்ற காட்டு மாகாணத்தில், மோட்டார் சைக்கிள்களில் இப்படிப் பெட்டி வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மெயில் கொண்டு போனார்கள்.

இந்தத் துறையில் எத்தனையோ சாமர்த்தியமான கணக்குகள் வந்திருக்கின்றன. என்னைக் கேட்டால் இந்தப் பஸ்தான் எல்லாவற்றிலும் மேல் என்பேன். சாலை இருக்கிறது, பஸ் ஓடுகிறது, செய்தியும் ஏறிக்கொண்டது.

வண்டியில் ரேடியோவை வைத்துப் பார்ப்பது அதற்கும் முந்திய கதை. 1977-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ அருகே ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ரேடியோவில் அந்த வேன் அனுப்பியது. சேர வேண்டிய இடம் சுமார் 640 கிலோ மீட்டர் தொலைவுதான். ஆனால் சோதனைக்காக அதை வேண்டுமென்றே ஐரோப்பாவுக்குச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பி, சுற்ற விட்டார்கள். மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம் கிலோ மீட்டர்! ஒரு பொட்டலமும் கெடாமல் வந்து சேர்ந்தது. இன்றைய இன்டர்நெட் பிறந்த நாட்களில் அதுவும் ஒன்று.

செம்மங்குப்பம்

2025-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி காலை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே செம்மங்குப்பம் ரெயில்வே கேட். தண்டவாளத்தைக் கடந்த பள்ளிக்கூட வேன் மீது பாசஞ்சர் ரெயில் மோதியது. 3 மாணவ, மாணவிகள் பலியானார்கள். காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய தாய்மார்கள் கதறியதை இந்த மாவட்டம் மறக்காது.

யார் குற்றம் என்பது இங்கே பேச்சு அல்ல. ரெயில் வருவது வேனுக்குத் தெரியவில்லை. வேன் கடப்பது ரெயிலுக்குத் தெரியவில்லை. இரண்டும் நேராகப் பேசிக்கொள்ள வழி இல்லை.

ரெயிலோடு ரெயில் பேச நம் நாட்டில் வழி பிறந்துவிட்டது. அதன் பெயர் "கவச்". கவசம் என்று பொருள். என்ஜினில் ஒரு ரேடியோ. ஸ்டேஷனில் ஒரு ரேடியோ. தண்டவாளத்துக் கட்டைகளில் இடத்தைச் சொல்லும் சிறு வில்லைகள். என்ஜினும் என்ஜினும் நேராகவும் பேசிக்கொள்ளும்.

2022-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி செகந்திராபாத் பகுதியில் அதைச் சோதித்தார்கள். ஒரு ரெயிலில் ரெயில்வே மந்திரியே ஏறிக்கொண்டார். மற்றொன்றில் ரெயில்வே போர்டு தலைவர். ஒரே தண்டவாளம். முன்னால் இருந்த என்ஜினுக்கு 380 மீட்டர் இருக்கும்போதே பின்னால் வந்த என்ஜின் தானாக நின்றுவிட்டது!

ரெயில்வே கேட் நெருங்கினால் கவச் தானாகவே ஊதும். ஆனால் பள்ளிக்கூட வேனோடு பேசாது. அந்த ஊதலைக் காதால்தான் கேட்க வேண்டும். ரெயில் தன் ரேடியோவால் மோட்டார் வண்டிக்கு நேராகச் சொல்லும் கருவியை, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். நம் ஊர்க் கேட்டுகளுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யார் முதலில் வாங்குவது?

வண்டிப் பேச்சுக்கு இத்தனை ஆண்டுகள் ஏன் தாமதம்? ஊரில் ஒரே ஒருவரிடம் போன் இருந்தால் அவர் யாரோடு பேசுவார்? இதிலும் அதே கதை. முதலில் பெட்டி வாங்குகிறவருக்குப் பயன் இல்லை. அதனால் யாரும் முதலில் வாங்குவதில்லை.

அமெரிக்க சர்க்கார் 1999-லேயே இதற்கென்று ரேடியோ அலையில் தனி இடம் ஒதுக்கியது. எல்லாப் புதுக் கார்களிலும் பெட்டி கட்டாயம் என்று 2016-ல் யோசனை சொன்னார்கள். 2020-ல் ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு மேல் எடுத்து வைபைக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டாய யோசனையையும் 2023-ல் கைவிட்டார்கள். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 2015-ல் சில கார்களில் வைத்து விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் வோக்ஸ்வாகன் கம்பெனியும் தன் கோல்ப் காரில் வைத்தது.

இவை எல்லாம் கார்கள். நம் சாலையின் கணக்கு வேறு. 2022-ம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்ற இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். 100-க்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்.

ஆகவே இங்கே பெட்டி முதலில் ஏற வேண்டிய இடம் பெரிய கார் அல்ல. மூட்டை ஏற்றிய மொபெட். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். பிள்ளைகளை ஏற்றிய வேன். அந்தப் பெட்டி மழையில் நனைந்தால் கெடக் கூடாது. சிறு பாட்டரியில் ஓட வேண்டும். மொபெட்காரர் வாங்கும் விலையில் இருக்க வேண்டும்.